பாலிஷ் பழகிய கை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ். சாரலுக்காக ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு இளம் தம்பதி. திடீரென்று மனைவி சொன்னாள்:

“நேத்து தூக்கத்துல எம் முதுக வட்டம் வட்டமா தேச்சிய, தெரியுமா?”

கணவன் சுற்றிலும் பார்த்தான். “மெதுவா பேசுட்டி. கார் பாலிஷ் மிஷின் பிடிச்சிப் பிடிச்சி அப்படி ஆயிட்டு.”

“பெறவு எதுக்கு அந்தக் குத்தாலத்து டாக்டர்ட்ட, காருக்கு பாலிஷ் போட முடியாதுன்னு சொல்லப் போறிய?”

“புதுக் காருட்டி. கறுப்பு வேற. நான் பழகுனதெல்லாம் காயலாங்கடை பானட்லதான். மிஷின் ஒரே இடத்துல நின்னா சூடேறி பெயிண்டு போயிரும். அப்படி ரெண்டு பானட்ட கெடுத்திருக்கேன்லா.”

காசிமேஜர்புரம் தாண்டியதும் அவனே மறுபடி கேட்டான். “ஏட்டி, நெசமாச் சொல்லு. எங் கை ஒரே இடத்துல நின்னுச்சா?”

“எங்க நின்னுச்சி? தோள்லயிருந்து இடுப்பு வரைக்கும் போயிட்டு வந்துட்டே இருந்துச்சி.”

“அழுத்துனேனா?”

“அழுத்தியிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டேனா? சொகமா தூங்கிட்டேன்.”

அவன் போனை எடுத்தான். “டாக்டர் சார், வண்டிய மழை படாம செட்டுக்குள்ள விட்டு வைங்க. இன்னைக்கே பாலிஷ் போட்டுருதேன்.”

வைத்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டான். “மிஷின எடுத்துட்டு வரலியே!”

அவள் காலடியில் இருந்த கட்டைப்பையைக் காட்டினாள். “இதுலதான் இருக்கு.”

“குளிக்கத் துணின்னுல்லா சொன்னே?”

“துணியும் இருக்கு. அடியில கிடக்கு.”