கோடு போடாத வட்டம்

வன்னியில் போர் முடிந்துவிட்டதென்று அறிவித்த அந்த வாரம், இங்கே மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அக்கா தங்கை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள் போலும்.

"கோடு போடாதேங்கோ எண்டு அந்த டொக்டர்ப் பிள்ளையின்ர கையைப் பிடிச்சிட்டன்," என்றாள் மூத்தவள்.

"என்ன கோடு, சின்னக்கா?"

"எங்கட குடும்பத்தைப் படமாக் கீறுறா. பொம்பிளையெண்டா வட்டம். கான்சர் வந்திருந்தா கறுப்பு அடிக்கிறது. செத்திட்டா குறுக்கால ஒரு கோடு. அம்மாவுக்கு ரெண்டும் போட்டாச்சு. பெரியக்காவுக்குக் கறுப்பு அடிச்சிட்டு, ஆள் உயிரோட இருக்கிறாவோ எண்டு கேட்டா."

தங்கை கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "வன்னியிலயிருந்து அவ கதைச்சு ரெண்டு மாசமாகுது."

"ஓம்."

நான் கையிலிருந்த பேப்பரைப் புரட்டாமல் வைத்திருந்தேன்.

"அப்ப உங்கட டெஸ்ட்?"

"இது பரம்பரையில வாறதோ எண்டு அறிய, வருத்தம் வந்த பெரியக்கான்ர ரத்தத்தைத்தான் முதல்ல பாக்கோணுமாம். அது இல்லாட்டி, என்ர ரத்தத்தில ஒண்டுமில்லை எண்டு வந்தாலும் முழுசா நம்பேலாதாம். வருத்தம் வர முதலே மார்பை எடுக்கிறதோ விடுறதோ எண்டு நான்தான் யோசிக்கோணும்."

"பெரியக்கான்ர வட்டத்துக்கு என்ன செய்தவா?"

"பேனையை வைச்சிட்டு வயசைக் கேட்டா. நாற்பத்தாறு எண்டனான். அடுத்த மாசம் நாற்பத்தேழு ஆகுது, அப்ப மறக்காம மாத்தி எழுதுங்கோ எண்டும் சொன்னனான்."