நாற்பத்தோராவது மாற்றம்

மென்பொருளில் புதிய பதிப்பு எது வந்தாலும், கூட வரும் கையேட்டைக் கடைசிப் பக்கங்களிலிருந்து படிப்பது என் பழக்கம். முன் பக்கங்களில் புதிய வசதிகள் இருக்கும். அவை விற்பதற்காக எழுதப்பட்டவை. பின்னால் பொடி எழுத்தில் 'இணக்க மாற்றங்கள்' என்று ஒரு பட்டியல் வரும். நேற்றுவரை ஒரு விதமாக நடந்தது நாளை முதல் வேறு விதமாக நடக்கும் என்று அங்கேதான் ஒப்புக்கொள்வார்கள். பலர் அதைப் புரட்டுவதுகூட இல்லை. நான் பென்சிலோடு உட்காருவேன்.

நீங்கள் அவசரப்படவில்லை என்பதால் நிதானமாக விளக்குகிறேன் ஐயா. புரிந்துவிட்டால் மிக எளிய விஷயம்.

எங்கள் தொழிற்சாலையில் இருபத்தாறு தொட்டிகள். மூடியைத் திறந்து ஆள் உள்ளே இறங்கிக் கழுவ வேண்டும். இறங்குவதற்கு முன் வாயுப் பரிசோதகர் ஒரு கருவியைக் குழாயோடு உள்ளே விட்டு நச்சு வாயுவை அளப்பார். அந்த அளவைக் கணினிப் படிவத்தில் பதிய வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் பச்சைச் சீட்டு, இறங்கலாம். இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. அந்தச் செயலியைப் பதினோரு வருடம் முன்பு எழுதியவன் நான். ஆனால் அது நிற்கும் தளம் எங்களுடையதல்ல. வணிகச் செயலிகள் எழுதுவதற்கென்றே ஒரு நிறுவனம் விற்கும் தளம் அது. வீடு நம்முடையது, மனை அவர்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை அசைந்தால் சுவரில் விரிசல் விடும். எங்கே விடும் என்பதுதான் அந்தப் பொடி எழுத்துப் பட்டியல்.

பரிசோதகருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் அன்றைய தொட்டிகளுக்கெல்லாம் அளவு போடாமலே படிவம் திறந்துவிடுவார். எல்லாம் சிவப்பாக வரும். அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போய் அளப்பார். எது பாக்கி என்று மனதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. "உங்க செயலி இருக்கும்போது எனக்கெதுக்கு சார் தனியா மூளை?" என்பார். சோம்பேறித்தனம்தான், ஆனால் ஆபத்தில்லாதது. ஏனென்றால் பழைய தளத்தில் வெற்றுக் கட்டத்துக்கு அர்த்தம் 'தெரியாது'. தெரியாத ஒன்று பத்தைவிடக் குறைவா என்று கேட்டால், தளம் மறுபடியும் 'தெரியாது' என்றே சொல்லும். தெரியாது என்றால் சிவப்பு. அதில் ஓர் அடக்கம் இருந்தது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

புதிய பதிப்பின் நாற்பத்தோராவது மாற்றம் இதுதான்: எண்ணுக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் இனி அது பூஜ்யமாகக் கொள்ளப்படும். பல நிறுவனங்களுக்கு அது வசதி. பழைய முறையே வேண்டுமென்றால் அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். ஒரே ஒரு டிக்.

இனி மாப்பிள்ளையைப் பற்றி. என் தங்கையின் கணவர். வேலை போய் இரண்டு வருடம் எங்கள் மாடியறையில் குடும்பத்தோடு இருந்தார். நான்தான் மேலாளரிடம் பேசி உள்ளே சேர்த்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். சுறுசுறுப்பானவர், சிரித்த முகம். புதிய பதிப்பின் முன் பக்கங்களை எடுத்துக்கொண்டு அவர் மேலாளரிடம் போனது எனக்குத் தெரியாது. திரையில் இழுத்து வைத்தால் படிவம் தயார், கைபேசியிலும் தெரியும், அறிக்கை தானாக வரும். கூட்டத்தில் என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே எழுதுறதுக்கு ஒண்ணுமே இல்ல சார். மச்சானும் பாவம், எத்தனை நாளைக்குக் கண்ணைக் கெடுத்துக்குவாரு? வீட்ல இருந்து பேரனைக் கொஞ்சட்டும்."

எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதக் கடைசியோடு என் வேலை முடிந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள்: "நீயே ஓய்வு கேட்டியாமே அண்ணா? அவருதான் உனக்காகப் பேசி முடிச்சாராம்."

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்வது.

கடைசி வேலையாக, எந்த மாற்றம் எங்கள் செயலியை எப்படிப் பாதிக்கும் என்று ஓர் இணக்க அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். பட்டியலில் நாற்பத்தாறு மாற்றங்கள். என் அறிக்கையில் நாற்பத்தைந்து. இடையில் ஓர் எண் குறைந்தால் கண்ணை உறுத்தும் என்பதால் வரிசை எண்களைத் திருத்திப் போட்டேன். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளை அறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். "எதுவும் விட்டுப்போகலையே மச்சான்? நீங்க சரின்னு சொன்னா நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"எல்லாம் இருக்கு மாப்பிள்ளை."

ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருட உழைப்புக்கு அவர் தந்த மரியாதை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதிப்பை மாற்றினார்கள். மாதம் இன்னும் முடியவில்லை என்பதால் திங்கட்கிழமை காலை நான் சீட்டு கொடுக்கும் அனுமதிக் கவுண்டரில் இருந்தேன். பரிசோதகர் வழக்கம்போல நான்கு படிவங்களைத் திறந்தார். நான்கும் பச்சை.

"என்ன சார் இது, அளக்காமலே பச்சை வருது? மாப்பிள்ளை சார் சொன்னாரே, எல்லாம் தானா வரும்னு. கருவியே நேரா அனுப்பிடுதா?"

"புது வசதி எத்தனையோ வந்திருக்கு" என்றேன். அது உண்மைதான்.

"அப்ப என் பொழைப்பும் போச்சா? சரி, இருக்கிறவரைக்கும் டீ குடிப்போம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தொட்டி கழுவுகிறவரை எல்லோரும் பாட்டுக்காரர் என்பார்கள். உள்ளே இறங்கினால் பாடிக்கொண்டே இருப்பார். தொட்டி இரும்பு என்பதால் குரல் மணிபோலக் கேட்கும். மேலே காவல் நிற்பவருக்கு அந்தப் பாட்டுதான் அடையாளம். பாட்டுக் கேட்டால் ஆள் நலம். அவர் சீட்டை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஜீரோன்னு போட்டிருக்கே. பதினேழாம் தொட்டியில ஜீரோ வந்து நான் பார்த்ததே இல்லையே சார். சரியாத்தான் இருக்குமா?"

"சீட்டு அப்படித்தானே சொல்லுது" என்றேன்.

நான் எதிர்பார்த்தது வேறு. யாராவது ஒருவர் தயங்குவார், சத்தம் போடுவார், மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்து நிற்பார் என்று நினைத்தேன். ஆனால் செயலியை நம்பியே எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த அளவுக்கு நான் அதை நன்றாக எழுதியிருந்தேன்.

கவுண்டர் ஜன்னலிலிருந்து பதினேழாம் தொட்டி தெரியும். பாட்டு நான்கு நிமிடம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மேலே நின்றவர் கத்தினார்.

நான் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த டிக்கைப் போட்டேன்.

அதைத்தான் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். அமைப்பில் யார் எதை எத்தனை மணிக்கு மாற்றினாலும் தளம் தானாகக் குறித்துக்கொள்ளும் என்பது இந்தப் பதிப்பின் புதிய வசதியாம். கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறதாம். முன் பக்கங்களை நான் படிப்பதில்லை.

டிக் போட்டது ஒன்பது நாற்பத்திரண்டு. பாட்டுக்காரரைத் தூக்க மாப்பிள்ளை தொட்டிக்குள் இறங்கியது ஒன்பது நாற்பத்துநான்கு. அந்த இரண்டு நிமிடம் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். சோதனைக்கு ஒரு வெற்றுப் படிவம் திறந்தேன். சிவப்பு வந்தது. எனக்கு மனம் நிறைந்தது.

அப்போது மாப்பிள்ளை ஓடிவந்தார். மேசையில் கிடந்த பதினேழாம் தொட்டிச் சீட்டின் நகலை எடுத்துப் பார்த்தார். பச்சை, பூஜ்யம். முகமூடி மாட்டும் நேரம் மிச்சம் என்று நினைத்திருப்பார். பாட்டுக்காரருக்கு வந்தது மாரடைப்பு என்றுதான் நினைத்திருப்பார். வாசலில் ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காத்திருந்தேன் ஐயா. உள்ளபடியே காத்திருந்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.