பேகம்பேட் வரைக்கும்

மாதங்கி: காபி வேண்டாம் அங்கிள். தண்ணி போதும்.

லட்சுமணன்: ஒரு வாய் காபி குடிச்சா கேஸ் கெட்டுடுமா?

மாதங்கி: கெடாது. ஆனா நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்... அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வந்துச்சே, என்ன கொடுத்தீங்க, என்ன வாங்கினீங்கன்னு. தண்ணி கொடுத்தேன்னு சொல்லிட்டுப் போயிடலாம்.

லட்சுமணன்: அடேயப்பா. லேப் ஸ்டோர்ஸ்ல முப்பத்தோரு வருஷம் கணக்குப் பார்த்தவன்மா நான். என்னையே மிஞ்சிட்டீங்க.

மாதங்கி: எங்க சீனியர் வக்கீல் கிருஷ்ணபிரசாத் சார் அப்படி. சாட்சி தேடிப் போற இடத்துல என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார்.

லட்சுமணன்: சரி... என் பேரை உங்களுக்கு யாரு கொடுத்தாங்க?

மாதங்கி: அதைக் கடைசில சொல்றேன்.

லட்சுமணன்: அவங்க... நடக்கறாங்களா?

மாதங்கி: அதுவும் கடைசிலதான். பாவப்பட்டு சொல்லிட்டீங்கன்னு யாரும் பேசக் கூடாது பாருங்க.

லட்சுமணன்: நக்கோம்மா, வேண்டாம், இது அநியாயம். ரெண்டு வருஷமா நான்... சரி. கேளுங்க.

மாதங்கி: பத்மஜா மேடம் விழுந்த அன்னிக்கு நீங்க லேப் பஸ்ஸுல இருந்தீங்க.

லட்சுமணன்: ஹவ்ம்மா, இருந்தேன். காண்ட்ராக்ட் வண்டி. டிசம்பர் பதினாலு, வியாழக்கிழமை.

மாதங்கி: எங்க உட்கார்ந்திருந்தீங்க?

லட்சுமணன்: சீட்டெல்லாம் மாறவே மாறாதும்மா. யாரும் எழுதி ஒட்டலை. ஆனா ஒருத்தர் சீட்டுல இன்னொருத்தர் உட்கார மாட்டாங்க. சந்திரசேகரன் ரெண்டு மாசம் லீவுல போனார், அவர் சீட்டு ரெண்டு மாசமும் காலியாவே போய் வந்துச்சு.

மாதங்கி: உங்க சீட்டு...

லட்சுமணன்: வலதுபக்கம் நாலாவது வரிசை, நடைவழி ஓரம். அவங்க இடதுபக்கம் மூணாவது வரிசை, ஜன்னலோரம். அது அவங்க வீட்டுக்காரர் சீட்டு. மனுஷன் சர்வீஸ்ல இருக்கறப்பவே தவறிட்டார். அந்த வேலையை இவங்களுக்குக் கொடுத்தாங்க. முதல் நாள் ஏறி நின்னு திருதிருன்னு முழிச்சாங்க. அந்த ஒரு சீட்டுதான் காலியா இருந்துச்சு. அதுலயே உட்கார்ந்தாங்க. அப்புறம் பதினாலு வருஷம்.

மாதங்கி: விழுந்ததைச் சொல்லுங்க.

லட்சுமணன்: பேகம்பேட் ஸ்டாப். சாயங்காலம் ஆறு அம்பது இருக்கும். வண்டி நின்னுது. நல்லாவே நின்னுது. அவங்க முன் படில இறங்கி இடது காலைக் கீழ வச்சாங்க. வலது கால் இன்னும் படிலதான் இருக்கு... டிரைவர் வண்டியை எடுத்துட்டான்.

மாதங்கி: ஓடற வண்டிலேர்ந்து குதிச்சாங்க, நஷ்டஈடு கிடையாதுன்னு காண்ட்ராக்டர் சொல்றார்.

லட்சுமணன்: குதிச்சாங்களா? அவங்களா? ஒரு கையில டிபன் பை, ஒரு கையில கம்பி. ஒவ்வொரு படியா பார்த்துப் பார்த்து இறங்குவாங்கம்மா.

மாதங்கி: பஸ்ஸுல பத்தொன்பது பேர் இருந்திருக்கீங்க. பதினெட்டு பேரைப் பார்த்துட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில்தான், தூங்கிட்டு இருந்தோம்னு.

லட்சுமணன்: பொய் இல்லை. ஏறி உட்கார்ந்தா போதும், எல்லாரும் அவுட். ஸ்ரீகாந்த் வாயைத் திறந்துக்கிட்டு தூங்குவான் பாருங்க...

மாதங்கி: நீங்க?

லட்சுமணன்: நானும்தான். பேகம்பேட் தாண்டினதும் தூங்கிடுவேன். குகட்பள்ளில கிளீனர் தட்டி எழுப்புவான்.

மாதங்கி: பேகம்பேட் வரைக்கும்?

லட்சுமணன்: ...தூக்கம் வராது.

மாதங்கி: ஏன் அங்கிள்?

லட்சுமணன்: முதுகு வலி.

மாதங்கி: பேகம்பேட்டோட வலி போயிடுமா?

லட்சுமணன்: ...நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன். கோர்ட்ல எது எடுபடுமோ, அதை.

மாதங்கி: அதைத்தான் நான் செய்யக் கூடாது. வலின்னு நீங்க சொன்னா வலின்னு எழுதிக்கறேன். ஆனா இந்தக் கேள்வி அங்க கட்டாயம் வரும். பதினெட்டு பேர் தூங்கறப்ப இவர் மட்டும் ஏன் முழிச்சிருந்தார்?

லட்சுமணன்: நிஜத்தைச் சொன்னா... என் சாட்சி செல்லாம போயிடுமா?

மாதங்கி: செல்லும். கொஞ்சம் கிண்டல் பண்ணுவாங்க. மறைச்சு வச்சு அப்புறம் வெளிய வந்தாதான் கேஸே போயிடும்.

லட்சுமணன்: ...டிசம்பர்ல சீக்கிரம் இருட்டிடும். வண்டிக்குள்ள லைட் போட்டுடுவாங்க. ஜன்னல்ல எல்லாம் ஆவி படிஞ்சிருக்கும். அவங்க மட்டும் முந்தானையால துடைச்சுக்கிட்டே வருவாங்க. துடைச்சுட்டு வெளியவே பார்ப்பாங்க. அப்படி என்னதான் பார்ப்பாங்களோ.

மாதங்கி: பேசினதே இல்லையா?

லட்சுமணன்: ஒரு தடவை குடை கீழ விழுந்துச்சு. எடுத்துக் கொடுத்தேன். தேங்க்ஸ்னாங்க. பரவாயில்லைங்கன்னேன்.

மாதங்கி: அவ்வளவுதானா?

லட்சுமணன்: அவர் சீட்டுலம்மா உட்கார்ந்திருந்தாங்க. அங்க போய் நான் என்ன பேசறது?

மாதங்கி: ...விழுந்தப்ப?

லட்சுமணன்: முதல்ல ஓடினது நான்தான். கிட்ட போனேன்... தொடலை. சத்தம் கேட்டு சுமலதா எழுந்து வந்து, தலையை மடில வச்சுக்கிட்டா. நான் டிபன் பையைப் பொறுக்கிக் கொடுத்தேன். ஆட்டோ பிடிச்சேன். கூடப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரில நீங்க யாருன்னு கேட்டா... திரும்பி வந்து வண்டில ஏறிட்டேன். நாலு மாசத்துல ரிட்டையர் ஆயிட்டேன். அப்புறம் பார்க்கவே இல்லை.

மாதங்கி: பார்க்கணும்னு தோணலையா?

லட்சுமணன்: இது அந்த ஃபாரத்துல இருக்கற கேள்வியா?

மாதங்கி: இல்லை. சாரி அங்கிள்.

லட்சுமணன்: தோணாத நாளே இல்லைம்மா. அதை எழுதாதீங்க.

மாதங்கி: சரி. முழிச்சிருந்ததுக்கு என்னன்னு எழுதட்டும்?

லட்சுமணன்: அவங்க பத்திரமா இறங்கறதைப் பார்க்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. அப்படியே எழுதிக்கோங்க.

மாதங்கி: எழுதிட்டேன். முழுசும் ஒரு தடவை படிச்சுக் காட்டறேன்...

லட்சுமணன்: இருங்க. இதை அவங்க படிப்பாங்களா?

மாதங்கி: அவங்க கேஸ்தானே. படிப்பாங்க.

லட்சுமணன்: அப்ப அந்த வரியை அடிச்சிடுங்க.

மாதங்கி: அடிச்சா அது முழு உண்மை இல்லை. நான் வாங்கிட்டுப் போக முடியாது. உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கிளம்பறேன். யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

லட்சுமணன்: உட்காருங்க... உட்காருங்கம்மா. நான் வாயைத் திறக்கலைன்னா, அவங்க குதிச்சாங்கன்னே ஆயிடும் இல்ல?

மாதங்கி: அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது அங்கிள்.

லட்சுமணன்: எதுக்குத்தான் பதில் சொல்வீங்க... பேனாவைக் கொடுங்க.

மாதங்கி: ஒவ்வொரு பக்கத்துலயும் போடணும். கடைசில தேதி.

லட்சுமணன்: ...போட்டாச்சு. இப்பவாவது சொல்லுங்க. நடக்கறாங்களா?

மாதங்கி: வாக்கர் பிடிச்சுக்கிட்டு, வீட்டுக்குள்ள நடக்கறாங்க.

லட்சுமணன்: என் பேரைக் கொடுத்தது... சுமலதாதானே?

மாதங்கி: பத்மஜா மேடம்தான். "எல்லாரும் தூங்கியிருப்பாங்க, லட்சுமணன்னு ஒருத்தர் மட்டும் நான் இறங்கற வரைக்கும் முழிச்சிருப்பார், அவரைக் கேளுங்க"ன்னாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். "இருட்டுல வெளிய என்ன தெரியப் போகுது... ஜன்னலைத் துடைச்சா அதுல அவர் தெரிவார்"னாங்க.