என் கணவர் மருந்து குடிக்கவில்லை

பெயர் ஜெனிட்டா, வயது 27, கணவர் பெயர் காலஞ்சென்ற சகாயராஜ், தெற்கு மணல்வாய்க்கால் கிராமம், கீழ்வேளூர் வட்டம். தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். ஜாஸ்லின் என்று நான்கு வயதில் ஒரு மகள். ஏட்டு முருகையன் அவர்கள் என்னை விசாரித்து எழுதிய தாளில் "குடும்பத் தகராறு காரணமாகப் பூச்சிமருந்து அருந்தி" என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட மறுத்து, வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை என் கைப்பட எழுதித் தருகிறேன். என் கணவரின் உடல் சவக்கிடங்கில் இருக்கிறது. எங்கள் கோயில் உபதேசியார் மிக்கேல்ராஜ், "போலீசுல என்ன எழுதுறாங்களோ அதப் பாத்துத்தாம்மா குழி. தற்கொலைன்னா மணி அடிக்க மாட்டாங்க, கல்லறை வேலிக்கு வெளியதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

என் கணவர் கல்யாணத்துக்கு முன் சவூதியில் தம்மாம் பக்கம் வெல்டராக இருந்தார். 1991 போரின்போது நரம்பு வாயுக் குண்டு விழும் என்று அங்கே பயம். அவருடைய கம்பெனியில் ஆபீசர்களுக்கு முகமூடி கொடுத்தார்கள். கேம்பில் இருந்த நம் ஆட்களை ஈரத்துண்டைக் கதவிடுக்கில் திணித்துக்கொள்ளச் சொன்னார்கள். வாயு வரவில்லை. ஆனால் அடிக்கடி ஊதிய அபாயச் சங்குச் சத்தத்துக்குப் பயந்து ஊருக்கு வந்தவர், அதன் பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் செய்து வந்தார். இரண்டு வருஷமாக விளைச்சல் சரியில்லாததால் மறுபடி வெளிநாடு போகிறேன் என்றார். நான் கூடாது என்றேன். பக்கத்து வீட்டார் கேட்டதாகச் சொல்லும் சண்டை இதுதான். மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே சட்டியில்தான் பழையது சாப்பிட்டோம்.

அதன் பிறகு அவர் சம்பாப் பயிரில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது என்று மருந்து வாங்கப் புறப்பட்டார். குழந்தைக்கு இருமல் டானிக் வாங்க வேண்டியிருந்ததால் நானும் போனேன். எங்கள் பக்கத்தில் கொஞ்ச நிலம் வைத்திருப்பவர்கள் முழு டப்பா வாங்குவதில்லை, வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டுபோய்ச் சில்லறையாக ஊற்றி வாங்குவோம். பூச்சிமருந்துக்கடை வீரையன் பெரிய கேனிலிருந்து எங்கள் பிராந்தி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். பாட்டிலில் பெயர் இல்லை, கடும் விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம் இல்லை, ஒன்றும் இல்லை. கேனின் லேபிளைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். பாஸ்பரஸ் வகை என்று தெரிந்தது. கையுறை, முகமூடி இருக்கிறதா என்று கேட்டேன். வீரையன் என் கணவரைப் பார்த்து, "ஏன் மாப்ள, புகையானுக்கு அடிக்கப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு அவர் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். வாடைக்காற்று எதிர்த்து அடித்தது. ஸ்பிரேயர் மூடி கசிந்து முதுகெல்லாம் நனைந்ததாகவும், நடுவில் குழாய் முனை அடைத்துக்கொண்டதால் துண்டை இறக்கிவிட்டு அதை வாயில் வைத்து ஊதியதாகவும் அடுத்த வயலில் களை எடுத்த அம்சம் என்பவர் சொல்கிறார். "எல்லா ஆம்பளையும் அப்புடித்தான் தாயி ஊதுவாங்க, அதுக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்றுவரை அம்சத்தை யாரும் விசாரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் வரப்பில் விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். வாயில் நுரை, கண்ணில் நீர், உடம்பெல்லாம் வியர்வை, தொடைச் சதை தானாகத் துள்ளியது. "விளக்கு அணைஞ்சு போச்சா ஜெனி?" என்று கேட்டார். உச்சி வெயில். என் கொழுந்தன்மார் யாரும் ஊரில் இல்லை, என் தம்பி அருள்பிரகாஷ்தான் வேன் பிடித்தான். வழியெல்லாம் நனைந்த சட்டையோடு அவரை மடியில் போட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் அவருக்கு அட்ரோபின் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். எனக்கும் பார்வை மங்கி, வாயில் எச்சில் ஊறி, வாந்தி வந்தது. டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்பாப்பா கடுகளவு சுருங்கியிருந்தது. "நீங்களும் குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டார். என் சேலையை மாற்றச் சொல்லி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, எனக்கும் ஒரு ஊசி போட்டார். அன்று சாயங்காலம் என் கணவர் இறந்தார்.

ஏட்டு அவர்கள், "வாயில வாசனை, பக்கத்துல பிராந்தி பாட்டில், முதல் நாள் சண்டை. குடிக்காமயே பூச்சிமருந்துல ஆள் செத்துடுவானாம்மா?" என்று கேட்டதால் இதையும் எழுதுகிறேன். 1936-ல் ஜெர்மனியில் ஒரு வேதியியல்காரர் பூச்சிமருந்துதான் தேடினார். செய்த பொருளில் ஒரு துளி சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்பாப்பா சுருங்கி மூச்சு முட்டியது. அவர்கள் குடிக்கவில்லை. அதை ராணுவம் எடுத்துக்கொண்டது. நரம்பு வாயு பிறந்தது அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் டோக்கியோவில் இதே வகை வாயுவால் ரயிலில் போனவர்கள் செத்தார்களே, அவர்களும் எதையும் குடிக்கவில்லை. இந்த வருஷம் ஏப்ரலில் அந்த வாயுவுக்கு உலக நாடுகளின் தடை அமலுக்கு வந்துவிட்டது. வீரையன் கேனில் இருப்பது அந்த வாயு அல்ல, அதைவிட வீரியம் குறைந்தது. ஆனால் அதே குடும்பம், அதே வேலை. தசைக்கு நரம்பு கொடுத்த உத்தரவை நிறுத்த உடம்பில் ஒரு நொதி இருக்கிறது, இரண்டும் அதைத்தான் கட்டிப்போடும். தோல் வழியாகவும் ஏறும். வாயுவுக்குப் பயந்து அங்கிருந்து ஓடிவந்த மனுஷனுக்கு, அதன் தங்கச்சியை இங்கே பிராந்தி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் ஈரத்துண்டு, இங்கேயும் ஈரத்துண்டு. முகமூடி கேட்ட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அவரே குடித்தார் என்று எழுதினால் வீரையன் நாளைக்கும் கடை திறப்பார், என் மகள் மருந்து குடித்தவன் மகளாகப் பள்ளிக்கூடம் போவாள்.

அம்சத்தையும் வீரையனையும் விசாரிக்க வேண்டும். ஸ்பிரேயரையும் கேனையும் கைப்பற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் என் பெயரில் போட்ட சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் என் கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறது. அவர் குடித்தார் என்றுதான் எழுதுவீர்கள் என்றால், முதலில் நானும் குடித்தேன் என்று எழுதுங்கள்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும், கேட்டதும், படித்ததும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன், ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. ஏட்டு அவர்கள் எழுதிய தாளில் என் கையெழுத்து இல்லை. இதில் இருக்கிறது.

(ஒப்பம்) ச. ஜெனிட்டா
19.11.1997