சாக்குக்குக் கழித்த இரண்டு றாத்தல்

பேராதனையிலிருந்து கண்டிக்கு ரயிலில் வந்தேன். ஏழு பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது பேர் இருந்தோம். எதிரே, இரண்டு பேருக்கான இடத்தை நிறைத்திருந்த கலகெதர பாக்குக்கடை முதலாளி, பக்கத்திலிருந்த ஒல்லி மைத்துனரிடம் தபாலில் போடவேண்டிய கடிதத்தைக் காட்டினார்.

“சீமையிலிருந்து ஓடம் எடுக்கிறேன் மச்சான். சட்டமும் கன்வஸும் பெட்டியில வரும், நாமதான் பொருத்திப் பூட்டணும். ஓராள் ஓடம் இருநூற்றைம்பது றாத்தல் தாங்குமாம். நான் சரியா இருநூற்றைம்பது.”

“என்னையும் கூட்டிட்டுப் போறேன்னீங்களே?”

“ரெண்டாள் ஓடம் பெரிசு. எனக்கு இதுவே போதும்.”

“எங்க நிறுத்தீங்க?”

“கடைத் தராசில. கணக்கப்பிள்ளை நிறுத்தான்.”

“சாக்குக்கு ரெண்டு றாத்தல் கழிச்சானா?”

“அது எப்பவும் கழிக்கிறதுதானே.”

“நீங்க சாக்குக்குள்ளயா நின்னீங்க?”

முதலாளி விரல்விட்டுக் கூட்டினார். நானும் கூட்டினேன்: இருநூற்றைம்பத்திரண்டு.

“கூடாரம், சட்டி, அரிசி வேற இருக்கு,” என்றார் மைத்துனர். “கட்டுகஸ்தோட்டைக்கு முந்தியே ஆத்துல தாழ்ந்துபோவீங்க.”

முதலாளி பென்சிலை எடுத்து, ‘ஓராள்’ என்பதை அடித்து ‘இரண்டாள்’ என்று எழுதினார்.

“உங்களுக்கு நீந்தத் தெரியுமா?” என்று மைத்துனரிடம் கேட்டார்.

“கப்பல் வர ஆறு கிழமையாகும். அதுக்குள்ள பழகிடுவேன். நீங்க உறையை ஒட்டுங்க.”