கம்பனி கைகழுவிய மாப்பிள்ளை

ஒட்டுக்கேட்பதற்குச் சம்பளம் உண்டென்றால் இந்நேரம் நான் ஓய்வூதியமே எடுத்திருப்பேன். மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"என்ரை மோன் நாள் முழுக்க ஒரு கம்பனிக்காக மோட்டச்சைக்கிளிலை வீடு வீடாக் கடைச் சாப்பாடு குடுக்கிறான். ஆனா வேலையிலை இல்லையாம்."

"ஆர் சொன்னது, அக்கா?"

"கம்பனிதான். அவனுக்குக் கலியாணம் பேசின உரும்பிராய்ப் பொம்பிளை வீட்டார் ஃபோன் எடுத்து விசாரிக்க, 'அவர் எங்கடை ஊழியர் இல்லை, தன்ரை விருப்பத்துக்கு ஓடுறவர்' எண்டு சொல்லிப்போட்டினம்."

"விருப்பத்துக்கோ! காய்ச்சலெண்டு படுத்து எழும்பினவனுக்கு ஓடர் குடுக்காமல் மறிச்சது ஆராம்?"

"அதுவும் அவைதான். சட்டை அவையின்ரை, பெட்டி அவையின்ரை. விழுந்து முறிஞ்சால் கால் மட்டும் இவன்ரை."

"ஊழியரெண்டு பதிஞ்சால் கம்பனி நொடிஞ்சுபோமாம். பேப்பரிலை கிடந்தது."

"ஐயோ பாவம்! ஊரிலை காசு சேர்த்துக் குடுப்பமே?"

எனக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப பொம்பிளையின்ரை தகப்பன் என்ன சொல்லுறார்?"

"கம்பனி அவரை ஊழியராய் எடுக்கட்டும், அண்டைக்கே நாங்கள் மருமோனாய் எடுக்கிறம் எண்டுறார்."

"அப்ப பேரப்பிள்ளையைக் காணவேணுமெண்டால், நீங்கள் முதல் கொழும்புக்குப் போய்ச் சட்டத்தை மாத்திப்போட்டு வரவேணும், அக்கா."