ஒரு விரற்கடை தள்ளி

எனக்கு எதுவும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், டாக்டர். பாப்பாரப்பட்டியில் முப்பது வருஷமாக ஜவுளிக்கடை வைத்திருப்பவன் வேறு எப்படி இருப்பான்?

என் மனைவி ராமக்காளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. எச்சில் துடைத்தேன், மலம் அள்ளினேன். அதிலெல்லாம் எனக்கு அருவருப்பே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலைதானே. மதியழகன் மாதிரி புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தெருவே மெச்சியது.

உங்கள் கிளினிக்கிலிருந்து பிசியோதெரபி கொடுக்கப் பிரியதர்ஷினி வாரம் இருமுறை வந்தார். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக இரண்டு பட்டைகளை ஒட்டி, சின்னதாகக் கரண்ட் விட்டால், தொங்கிய பாதம் மேலே தூக்கும். இடம் மாறாமல் இருக்கப் பேனாவால் குறி வைத்தார். குளித்தால் அழியும், மற்ற நாட்களில் நான்தான் திரும்ப வரைந்து பட்டை ஒட்ட வேண்டும்.

ராமக்காள் நடந்தாள். ஆவணியில் எங்கள் மகள் காவியாவுக்குக் கல்யாணம். மணமேடை வரை நடந்து போய் அட்சதை போட வேண்டும் என்பதுதான் அவள் ஒரே ஆசை. அதைக் கையால் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். சிரித்தால் வாய் கோணும்.

"பாருங்க சார், அம்மா கல்யாணத்துல கலக்கப் போறாங்க" என்றார் பிரியதர்ஷினி.

நான் அந்த நடையைப் பார்த்தேன். இடுப்பை எக்கி, காலை வீசி, முழங்காலடியில் ஒயர் தொங்க... சீ. சம்பந்தி வீட்டார் முன்னால் இதுவா?

அதனால் குறியை ஒரு விரற்கடை பின்னால் தள்ளி வரைந்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். கெண்டைக்காலுக்கு வந்ததும் பாதம் தூக்காமல் கீழ்நோக்கிக் குத்தியது. பிரியதர்ஷினி வரும் நாளில் குறியை அழித்துவிடுவேன். அவர் புதிதாக வைத்துக்கொள்வார்.

"எங்கிட்ட நல்லா நடக்கறாங்க. உங்ககிட்ட மட்டும் ஏன் சார் தடுமாறறாங்க?"

"எங்கிட்டன்னா அவளுக்குச் செல்லங்க" என்றேன்.

ராமக்காள் இடது கையால் என் பேனாவைத் தட்டிவிடுவாள். குறியை எச்சில் தொட்டுத் தேய்ப்பாள். பேச்சில்லாதவள் என்ன சொல்ல வருகிறாள் என்று யார் கண்டது?

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வாசற்படியில் பாதம் குத்தி விழுந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், பிடிக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. இனி நடக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

பிரியதர்ஷினி தப்பாகக் குறி வைத்தார் என்று காவியா உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். பாவம், அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். தப்பான குறியை வைத்தவன் நான். விழட்டும் என்றுதான் வைத்தேன். அவளுடைய மானத்துக்காகத்தான் செய்தேன். அது அவளுக்கும் புரிந்திருக்கிறது.

இப்போது தலை வாரி, பூ வைத்துப் படுக்க வைக்கிறேன். நான் ஊட்டினால் சோற்றை என் முகத்தில் துப்புகிறாள். பக்கவாதம் வந்த வாயில் சோறு நிற்காது, உங்களுக்குத் தெரியாததா? காவியா வந்து ஊட்டினால் மட்டும் எப்படியோ நிற்கிறது.